ஜெர்மன் நண்பர்கள் முகூர்த்தத்துக்கு வரலாமா?

தங்கையின் கல்யாணத்துக்கு ஜெர்மனியிலிருந்து இரண்டு அலுவலக நண்பர்கள் கும்பகோணம் வருகிறார்கள், ரிசப்ஷனுக்கு மட்டும் வந்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாதுங்க, முகூர்த்தத்துக்குக் கட்டாயம் வரச் சொல்லுங்கள். ரிசப்ஷனில் மேடையேறி போட்டோ எடுத்துக்கொள்வதோடு சரி. மாலை மாற்றுவது, ஊஞ்சல், தாலி கட்டுவது எல்லாம் காலையில்தான்.

அன்றைக்கு உங்களுக்கு நிற்க நேரம் இருக்காது, அதனால் ஆங்கிலம் பேசும் சித்தப்பா பிள்ளை யாரையாவது அவர்கள் பக்கத்திலேயே உட்காரச் சொல்லுங்கள். மந்திரம் ஓதும்போது சுற்றி எல்லோரும் கதை பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துக் குழம்புவார்கள், அது இங்கே மரியாதைக் குறைவல்ல என்று முன்பே சொல்லிவிடுங்கள். கெட்டிமேளம் கொட்டும்போதுதான் தாலி ஏறும், அபசகுனமான சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதான் அவ்வளவு வேகமாக வாசிக்கிறார்கள். அந்த நேரம் கையில் அட்சதை இருக்கட்டும், போனைப் பைக்குள் வைக்கட்டும்.

கறுப்பு உடை வேண்டாம். வேட்டி கட்ட ஆசைப்பட்டால் வெல்க்ரோ வைத்தது வாங்கிக் கொடுங்கள், அவிழுமோ என்ற பயம் இல்லாமல் உட்காருவார்கள்.

அப்புறம் பந்தி. வலது கையால் சாப்பிட வேண்டும், போதுமென்றால் இலைக்கு மேல் கையை நீட்டி மறைக்க வேண்டும், இல்லையென்றால் பரிமாறுபவர் வைத்துக்கொண்டே இருப்பார். ரசம் வந்ததும் முடிந்தது என்று எழுந்துவிடப் போகிறார்கள், மோர் வரும்வரை இருக்கச் சொல்லுங்கள். முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும்.

மொய் என்ன வைப்பது என்று கேட்டால் 1001, 2001 என்று ஒன்றில் முடியட்டும், ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய கவரே கடையில் கிடைக்கும்.