மாண்டலினில் எதை மாட்டலாம், எதை ஒட்டக்கூடாது? வாசகர் கேள்விகள்

முதுகுப் பக்கம் மாட்டும் டோன்கார்டு வாங்கலாமா? சத்தம் இரண்டு மடங்காகும் என்கிறார் நண்பர்.

இரண்டு மடங்கெல்லாம் ஆகாது. ஆனால் வித்தியாசம் தெரியும். மாண்டலினில் மேல்பலகையோடு முதுகுப் பலகையும் சேர்ந்துதான் அதிர்கிறது. உட்கார்ந்து வாசிக்கும்போது அந்த முதுகை வயிற்றோடு அணைத்துக்கொள்கிறோம். என் தொப்பைக்கு அது தலையணை வைத்து அமுக்கியது போலத்தான். டோன்கார்டு பக்கவாட்டைப் பிடித்துக்கொள்ளும் ஒரு உலோகச் சட்டம், அவ்வளவே. உடம்புக்கும் முதுகுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டு, நாம் அமுக்கி வைத்த ஓசையை விடுவிக்கிறது.

காசு கொடுக்கும் முன் வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஜி கம்பியை விரல் வைக்காமல் மீட்டுங்கள். ஓசை அடங்குவதற்குள் முதுகை வயிற்றில் அழுத்துங்கள். நாதம் சட்டென்று சுருங்கினால் டோன்கார்டு பயன்படும். முதுகைக் குடைந்து செதுக்கிய எஃப் (சுருள் கொம்பு வைத்தது), ஏ (துளி வடிவம்) வகை மாண்டலின்களில் இது நன்றாகத் தெரியும். பானை வயிறு கொண்ட பழைய நேப்பிள்ஸ் பாணிக் கருவியில் இந்தச் சட்டம் பொருந்தவே பொருந்தாது.

அது பாலிஷைக் கெடுக்காதா?

கெடுக்கலாம். கீறலைவிட, கருவியில் படும் ரப்பருக்குத்தான் நான் பயப்படுவேன். ரப்பர், வினைல் போன்றவற்றை மெத்தென்று வைக்கச் சேர்க்கும் ரசாயனம் மெல்லக் கசிந்து வெளியே வரும். நைட்ரோ லேக்கர் (நைட்ரோசெல்லுலோஸ் மெருகு) பூசிய மரத்தில் பட்டால் பூச்சு இளகிப் பிசுபிசுக்கும். ஆல்கஹாலில் கரைத்துப் பூசும் ஸ்பிரிட் வார்னிஷும் இந்த விஷயத்தில் நோஞ்சான்தான். தொழிற்சாலையில் பாலியூரித்தேன் பூசி வரும் விலை குறைந்த மாண்டலின்கள் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். ஒரு மே மாதம், தோளில் மாட்டும் கறுப்பு வினைல் ஸ்ட்ராப்பை மடித்து, மாண்டலின் மேலேயே வைத்துப் பெட்டியை மூடிவிட்டேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தால், ஸ்ட்ராப்பின் தையல் வரிசை ஒவ்வொரு புள்ளியாக லேக்கரில் பதிந்திருந்தது. நகத்தால் தொட்டால் ஒட்டியது.

ஆகவே டோன்கார்டின் கால்களில் என்ன உறை இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ரப்பர் குழாய் என்றால் மேலே மெல்லிய மான்தோலோ பருத்தித் துணியோ சுற்றுங்கள். வாசித்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். பெட்டிக்குள் அதோடு தூங்க வைக்காதீர்கள். ஸ்டாண்டுக்கும் இதே விதிதான்.

வலது முன்கை படும் விளிம்பில் பாலிஷ் மங்கிவிட்டது. ஆர்ம்ரெஸ்ட் போடலாமா?

தாராளமாக. வியர்வைக்கு இதைவிட நல்ல வைத்தியம் இல்லை. மேல்பலகையில் கை அழுத்தாததால் ஓசையும் சற்றுத் திறக்கும். வயலினில் தாடையை வைக்கும் சின்ரெஸ்ட் போலவே விளிம்பைக் கவ்வும் வகையை வாங்குங்கள். பிடிக்கும் இடத்தில் கார்க் இருக்க வேண்டும். திருகும்போது நிதானம். ஆடாமல் நின்றால் போதும். பசை தடவி ஒட்டும் வகை வேண்டவே வேண்டாம், பிறகு உரிக்கும்போது லேக்கரும் கூடவே வரும்.

ஒரு விஷயம்: ஸ்பிரிட் வார்னிஷ், ஷெல்லாக் பூசிய கருவியென்றால், கையில் சானிடைசர் தேய்த்த ஈரத்தோடு தொடாதீர்கள். அதிலுள்ள ஆல்கஹால் பூச்சைக் கரைத்துவிடும்.

'சாப்' (கம்பிகளைச் சேர்த்துச் சட்டென்று அடித்து உடனே அடக்குவது) அடித்து நிறுத்திய பிறகும் ஒரு 'ஸ்ஸ்' கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பிரிட்ஜுக்கும் (கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டு) டெயில்பீஸுக்கும் (கம்பிகளின் அடிமுனையை மாட்டும் உலோகத் துண்டு) நடுவே இருக்கும் கம்பித் துண்டு தானாக ஒலிக்கிறது. அங்கே விரலை வைத்துக்கொண்டு மீட்டிப் பாருங்கள், சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். ஜோடிக் கம்பிகளுக்கு இடையே சிறு ரப்பர் வளையம் செருகலாம், அல்லது ஒரு தோல் துண்டைப் பின்னிவிடலாம். செலவு பத்து இருபது ரூபாய். ரப்பர் கம்பியில்தான் இருக்கிறது, மரத்தைத் தொடவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்யுங்கள். சிலருக்கு அந்த 'ஸ்ஸ்' பிடிக்கும். தனியாக வாசிக்கும்போது எனக்கும் பிடிக்கும். அப்படியென்றால் விட்டுவிடுங்கள்.

கர்நாடக இசைக்கு எலெக்ட்ரிக் மாண்டலின் வாசிக்கிறேன். டோன்கார்டு உதவுமா?

உதவாது. யு. ஸ்ரீனிவாஸ் வாசித்தது போன்ற திண்ணிய உடல் கொண்ட கருவியில் ஓசையைக் கம்பிகளுக்கு அடியிலுள்ள பிக்கப்தான் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் கருவி) எடுக்கிறது, முதுகு அமுங்கினாலும் பாதகமில்லை. அந்தக் காசைக் கம்பிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே மரத்தட்டு பொருத்தினால் நாதம் கூடுமாமே?

விர்சி டோன் ப்ரொட்யூசர் பற்றிக் கேட்கிறீர்கள். மேல்பலகைக்கு அடியில் தொங்கும் ஒரு மெல்லிய மரத்தட்டு அது. 1920களின் தொடக்கத்தில், கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த லாயிட் லோர் கையெழுத்திட்ட கிப்சன் எஃப்-5 மாண்டலின்கள் சிலவற்றில் பொருத்தினார்கள். பிற்காலத்தில் பலர் அதைக் கழற்றியே விட்டார்கள். உங்கள் மாண்டலினைத் திறந்து இதைச் செய்வதாக யாராவது சொன்னால், பெட்டியை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

கையில் ஐநூறு ரூபாய்தான் இருக்கிறது. எதை வாங்க?

முதலில் புதுக் கம்பி ஒரு செட். மிச்சமிருந்தால் கம்பியை மீட்டும் கனமான பிக் ஒன்று, 1.4 மில்லிமீட்டர் அளவில். மெல்லிய பிக் சலசலக்கும், கனமானது ஓசையை உருட்டித் தரும். கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எட்டையும் ஒரேயடியாகக் கழற்றினால், ஒட்டாமல் வெறுமனே உட்கார்ந்திருக்கும் பிரிட்ஜ் நகர்ந்து சுருதி கெடும். விழும்போது மேல்பலகையைக் கீறவும் செய்யும்.