நாய்க்குட்டிக்குப் பார்வோ, இன்சூரன்ஸ் இல்லை, 25,000 ரூபாய் கேட்கிறார்கள். என்ன செய்வது?

கேள்வியின் சுருக்கம்: சென்னையில் மூன்று மாத நாய்க்குட்டி, எடை 5 கிலோ. நேற்றிலிருந்து வாந்தி, இன்று ரத்தக் கழிச்சல். தனியார் கிளினிக்கில் பார்வோ (நாய்க்குட்டியின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) என்று சொல்லி, அட்மிட் செய்தால் 25,000 ரூபாய் வரை ஆகும் என்கிறார்கள். கையில் பாதிகூட இல்லை. இன்சூரன்ஸும் எடுக்கவில்லை.

முழுப் பணத்தையும் புரட்டிக்கொண்டு போகலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். பார்வோ வந்த குட்டியைக் கொல்பவை பெரும்பாலும் நீரிழப்பு, ரத்தச் சர்க்கரை இறங்குவது, புண்ணான குடல் வழியாக ரத்தத்தில் நுழையும் பாக்டீரியா ஆகியவைதான். பெரும்பாலான இறப்புகள் அறிகுறி தொடங்கிய முதல் மூன்று நான்கு நாட்களில் நடக்கின்றன. ஆகவே கையில் இருக்கும் தொகைக்குள் இன்றே தொடங்கும் சிகிச்சை, முழுத்தொகையோடு நாளை மறுநாள் தொடங்குவதைவிட மேல்.

டாக்டரிடம் முதலிலேயே தொகையைச் சொல்லிவிடுங்கள். "டாக்டர், இப்போது என்னிடம் 10,000 ரூபாய்தான் இருக்கு. அதுக்குள்ள எது ரொம்ப முக்கியமோ அதை முதல்ல பண்ணுங்க" என்று சொல்வதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டு, மூன்றாம் நாள் பில்லைப் பார்த்ததும் பாதியில் டிஸ்சார்ஜ் செய்துகொண்டு போவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. பணமும் போயிருக்கும், சிகிச்சையும் அரைகுறையாக நிற்கும். வரம்பு தெரிந்தால், அதற்குள் எதை முன்னால் வைப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று டாக்டரே பிரித்துச் சொல்வார்.

எஸ்டிமேட்டை மொத்தமாக வாங்காமல் இனம் பிரித்து எழுதி வாங்குங்கள். ஒரு நாள் அட்மிஷனுக்கு எவ்வளவு, அதில் மருந்து சேர்த்தியா, எத்தனை நாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். குட்டி சீக்கிரம் தேறினாலோ இறந்துபோனாலோ முன்பணத்தில் மீதி திரும்ப வருமா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். கேட்கச் சங்கடமான கேள்விதான், ஆனால் பின்னால் சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில். பேசிய தொகையைத் தாண்டும் எதையும் செய்யும் முன் போன் செய்யச் சொல்லி, அதையும் எஸ்டிமேட் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

25,000 எங்கே போகிறது என்று பார்த்தால் எதைக் குறைக்கலாம் என்பது தெரியும். உங்கள் குட்டிக்கு 8 சதவீத நீரிழப்பு என்று வைத்துக்கொள்வோம். 5 கிலோவில் 8 சதவீதம், அதாவது 400 மில்லி ஈடுகட்ட வேண்டும். அன்றாடத் தேவை கிலோவுக்குச் சுமார் 60 மில்லி என்றால் 300 மில்லி. வாந்தி, கழிச்சலில் மேலும் வெளியேறுவதையும் சேர்த்தால் முதல் நாளுக்கு டிரிப்ஸாக ஏற்றும் ரிங்கர் லாக்டேட் திரவம் 500 மில்லி பாட்டில் இரண்டு போதும். அது விலை அதிகமில்லாத சரக்கு. வாந்தியை நிறுத்தும் ஊசியும் ஆன்டிபயாடிக்கும்கூட இந்த எடைக்குச் சிறிய அளவுதான். பில்லை ஏற்றுவது தனி வார்டும், இரவில் கண்விழித்துப் பார்க்கும் ஆளும், தினமும் எடுக்கும் பரிசோதனைகளும். பார்வோ மற்ற நாய்களுக்குப் பரவும் என்பதால் தனி அறை, தனி உடுப்பு எல்லாம் வேண்டியிருக்கிறது, அதனால் கிளினிக் அநியாயம் செய்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் குறைக்க இடம் இருப்பது இந்தப் பகுதியில்தான்.

பரிசோதனையில் எது அவசியம்? பார்வோவை உடனே கண்டறியும் பரிசோதனை கிட் ஒருமுறை. வெள்ளையணு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க சி.பி.சி. என்ற ரத்த அணுக் கணக்கு ஒருமுறை. ரத்தச் சர்க்கரையை மட்டும் அடிக்கடி பார்க்க வேண்டும், அதற்கு மனிதர்களுக்கான குளுக்கோமீட்டரே போதும் என்று பல டாக்டர்கள் ஒத்துக்கொள்வார்கள். அதில் அளவு சற்றுக் குறைவாகக் காட்டலாம், ஆபத்தான இறக்கத்தைக் கண்டுபிடிக்க அது தடையில்லை. கல்லீரல், சிறுநீரகம் போன்றவற்றைப் பார்க்கும் பெரிய பயோகெமிஸ்ட்ரி பேனலைத் தினமும் எடுப்பதற்குக் காரணம் கேளுங்கள். "இந்த ரிசல்ட் வந்தால் சிகிச்சை மாறுமா?" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மாறாது என்றால் தள்ளிப்போடலாம். கிட்டில் ஒரு சிக்கல் உண்டு. நோயின் தொடக்கத்தில் நெகட்டிவ் காட்டலாம், தடுப்பூசி போட்ட சில நாட்களில் மங்கலான பாசிட்டிவும் வரலாம். தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்ற தேதியைச் சொல்லுங்கள்.

அடுத்து, உள்நோயாளியாகத்தான் வைக்க வேண்டுமா? அதுதான் நல்லது, ஆனால் அது மட்டுமே வழி இல்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணமில்லாதவர்களை மனதில் வைத்தே ஒரு புறநோயாளி முறையைச் சோதித்தார்கள். 40 நாய்கள், பாதிக்கு உள்நோயாளி முறை, பாதிக்கு வெளி முறை. உள்நோயாளி முறையில் 20இல் 18 பிழைத்தன, வெளி முறையில் 20இல் 16. வெளி முறையில் தோலுக்கடியில் திரவம், வாந்தியை நிறுத்தும் மாரோபிடன்ட் நாளுக்கு ஒருமுறை, நீண்ட நாள் வேலைசெய்யும் செஃபோவெசின் என்ற ஆன்டிபயாடிக் ஒரே ஒரு ஊசி. ஒன்றைக் கவனியுங்கள்: வெளி முறையில் பார்த்த குட்டிகளுக்கும் முதலில் நரம்பு வழியே திரவம் ஏற்றி, சர்க்கரையைச் சரிசெய்த பிறகே அந்த முறை தொடங்கியது. துவண்டு கிடக்கும் குட்டியை நேராக வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு இந்த எண்கள் ஆதாரமில்லை.

நம் ஊரில் இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. காலையில் கொண்டுபோய் விட்டு, பகல் முழுக்க டிரிப்ஸ் ஏற்றி, மாலையில் வீட்டுக்கு எடுத்துவருவது. இரவு வார்டுச் செலவு மிச்சம். காலில் போட்ட ஊசிக்குழாயைத் தினம் புதிதாகக் குத்தாமல் அப்படியே விட்டு, மேலே கட்டுப் போட்டு அனுப்புவார்கள். வீட்டில் அதைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதம் வீங்கினாலோ கட்டு நனைந்தாலோ உடனே கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள்.

இரவில் பார்க்க வேண்டியவை: ஈறை விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 99க்குக் கீழே இறங்கினால், தலையைத் தூக்க முடியாமல் கிடந்தால், உடம்பு வெட்டி இழுத்தால், நேரம் பார்க்காமல் கிளம்புங்கள். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வையுங்கள், உடம்போடு ஒட்டி வேண்டாம், தோல் வெந்துவிடும். அடங்காத வாந்தியில் ஓ.ஆர்.எஸ். கரைசலை வாயில் ஊற்றாதீர்கள். வாந்தி அதிகமாகும், நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. வாந்தி நின்றதும் வேகவைத்த கோழியும் சாதமும் மசித்து ஓரிரு ஸ்பூன் கொடுத்துப் பார்க்கலாம். குடலைப் பல நாள் பட்டினி போடுவது பழைய முறை.

இன்றே வேப்பேரிக்குப் போவதையும் யோசியுங்கள். 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. கட்டணம் தனியாரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, ஸ்கேன், எக்ஸ்ரே, அறுவைச் சிகிச்சை எல்லாம் ஒரே வளாகத்தில். விலை என்னவென்றால் நேரம். காலையில் ஓ.பி. சீட்டுக்கே கூட்டம் நிற்கும், பாடம் படிக்கும் மாணவர்கள் கேட்ட கேள்வியையே மறுபடி கேட்பார்கள். தனியார் கிளினிக்கின் ரிப்போர்ட், போட்ட ஊசிகளின் பெயர், நேரம் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டு போனால் பரிசோதனைகளைத் திரும்ப எடுக்க வேண்டியிருக்காது. பார்வோ என்று நுழையும்போதே சொல்லிவிடுங்கள், குட்டியைத் தரையில் விடாதீர்கள். சென்னைக்கு வெளியே இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய இடங்களிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட். கல்லூரி தொலைவு என்றால் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்திலேயே திரவமும் ஊசியும் தொடங்கலாம். 1962 என்ற எண்ணில் அழைக்கும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி முக்கியமாக மாடு, ஆடுகளுக்கானது, நாய்க்குட்டியை வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

மருந்தில் மிச்சம் பிடிக்க நேர்மையான வழி, மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச்சொல்லி வெளியில் வாங்குவது. வாந்திக்கான ஒன்டான்செட்ரான், ஆன்டிபயாடிக்கான டாக்சிசைக்ளின் போன்றவை மனிதர்களுக்கும் அதே மருந்துதான். மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ இருந்தால் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பார்வோவுக்கு அல்லாமல், நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்தால் எழுதும் டாக்சிசைக்ளின் பொதுவாக ஒரு மாதம் ஓடும் என்பதால் அங்கே வித்தியாசம் பெரிதாகத் தெரியும். வாங்கும்போது கலவை மாத்திரை வேண்டாம், தனி மருந்து மட்டும். பூனைக்கு டாக்சிசைக்ளின் கொடுத்தால் பின்னாலேயே சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீர் கொடுங்கள், உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும்.

ஆனால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டுத் தானாக மருந்து கொடுப்பது, பில்லைப் பெரிதாக்கும் மிகச் சுலபமான வழி. பாராசிட்டமால் ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சில சிரப்களில் இனிப்புக்குச் சேர்க்கும் சைலிடால் நாய்க்கு விஷம். பார்வோவில் கழிச்சலை நிறுத்தும் மனித மாத்திரையும் வேண்டாம்.

பணத்துக்கு: கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேல், அதாவது ஆண்டுக்கு 36 சதவீதத்தைத் தாண்டி வட்டி ஓடும். கார்டில் ரொக்கமாக எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி. கார்டுதான் வழி என்றால் கிளினிக்கில் நேராகத் தேய்த்து, பில் தேதிக்கு முன் வங்கியிடம் மாதத் தவணையாக மாற்றுங்கள். வீட்டில் ஒரு மோதிரம் இருந்தால் வங்கி நகைக்கடன் இதைவிட எவ்வளவோ மலிவு, பெரும்பாலும் அன்றைக்கே கைக்கு வரும். தெரிந்தவர்களிடம் உதவி கேட்பதானால் எஸ்டிமேட் படத்தைப் போட்டு, பணத்தைக் கிளினிக் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள். சந்தேகப்படுபவரும் அனுப்புவார். கிளினிக்கிலேயே இரண்டு மூன்று தவணை கேட்கலாம், பழகிய இடமென்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

மேலே சொன்ன சிக்கன வழிகள் எல்லா நோய்க்கும் பொருந்தாது. சிறுநீர் அடைபட்ட ஆண் பூனை, கருப்பையில் சீழ் கட்டிய பெண் நாய், வயிறு முறுக்கி உப்பிய பெரிய நாய், இவற்றுக்கு வீட்டு வைத்தியமும் கிடையாது, பகல் டிரிப்ஸும் கிடையாது. உடனே அடைப்பை எடுக்க வேண்டும் அல்லது அறுவை செய்ய வேண்டும். பிழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று டாக்டர் சொல்லும் நிலையில், வலியில்லாமல் தூங்கவைப்பது பற்றிக் கேட்பதும் தவறில்லை. கடன் வாங்கி நான்கு நாள் வேதனையை நீட்டுவதைப் பாசம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது ஓடிப்போய் இன்சூரன்ஸ் எடுப்பதில் பயனில்லை. ஏற்கெனவே வந்த நோய்க்குத் தர மாட்டார்கள், பாலிசி தொடங்கிச் சில நாள் காத்திருப்புக் காலமும் இருக்கும். தடுப்பூசி போட்டிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய நோய்களை ஒதுக்கும் பாலிசிகளும் உண்டு. குட்டி தேறியதும் எடுங்கள், ஆனால் விலக்குப் பட்டியலை முதலில் படியுங்கள். இல்லையென்றால் மாதம் 1,000 ரூபாய் ரெக்கரிங் டெபாசிட் போடலாம். பார்வோவுக்கான கூட்டுத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரை தொடர வேண்டும். ஒன்றோடு நிறுத்தினால் பலனில்லாமல் போகலாம், தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புப் புரதங்கள் தடுப்பூசியையும் அடக்கிவிடும்.

வீட்டைப் பினாயில் போட்டுத் துடைத்தால் இந்த வைரஸ் சாகாது. அழுக்கைக் கழுவிவிட்டு, ஒரு பங்கு திரவ ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரமாக விட வேண்டும். பினாயிலோடும் ஆசிட்டோடும் ப்ளீச்சைக் கலக்காதீர்கள். தோட்டத்து மண்ணில் அது மாதக்கணக்கில் கிடக்கும், தடுப்பூசி முடியாத வேறு குட்டியை ஓர் ஆண்டுக்கு அங்கே விட வேண்டாம்.