ஒன்பது வயதுப் பிள்ளையை எட்டாம் தர வகுப்பில் அமர்த்தலாமா?

வீட்டிலேயே படிப்பிக்கும் உங்கள் மகளை எட்டாம் தரப் பிள்ளைகளின் கணித வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேருங்கள், ஆனால் கணிதத்துக்கு மட்டும். திருகோணமலை உவர்மலையில் மாலை வகுப்பு நடத்துகிறேன். இப்படியொரு சிறுமி என்னிடம் இப்போது படிக்கிறாள்.

அட்சரகணிதத்தில் அவள் பெரிய பிள்ளைகளை முந்திவிடுவாள். ஆனால் வந்த புதிதில் கவராயத்தைப் பிடிக்கவே தெரியாது. வீட்டில் படிக்கும் பிள்ளை பிடித்த பக்கமாக ஓடும். இடையில் விடுபட்டது பெற்றோர் கண்ணில் படாது. அதனால் ஆறாம், ஏழாம் தரத் தவணைப் பரீட்சைத் தாள்களை முதலில் கொடுத்துப் பாருங்கள். மொத்தப் புள்ளியை விட, எந்தப் பகுதியை வெறுமையாக விட்டாள் என்பதே முக்கியம். எழுதும் வேகத்தையும் கவனியுங்கள். மூளை பதின்மூன்று வயதுக்கு ஓடினாலும் விரல்களுக்கு ஒன்பது வயதுதான். பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் ஆசிரியர் அழித்துவிடுவார்.

கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான பீல்ட்ஸ் பதக்கத்தை 2006இல் பெற்ற டெரன்ஸ் டாவோ, ஒன்பது வயதில் அவுஸ்திரேலியாவில் பல்கலைக்கழகக் கணித வகுப்புக்குப் போனவர். பள்ளிக்கூடத்திலும் அவரைப் பாடத்துக்கேற்ப வெவ்வேறு வகுப்புகளில் அமர்த்தினார்கள். உங்கள் மகளுக்கும் அதுவே பொருந்தும். கட்டுரை எழுதவும் விளையாடவும் தன் வயதுப் பிள்ளைகளோடு இருக்கட்டும்.

தனித்துப் போவாளோ என்ற உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. அதே அவுஸ்திரேலியாவில் மிராக்கா குரோஸ் என்ற ஆய்வாளர், அபூர்வமான அறிவாற்றல் உள்ள 60 பிள்ளைகளைச் சுமார் 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வயதுக்குரிய வகுப்பிலேயே நிறுத்தப்பட்டவர்களில் பலர்தான் நட்புக்குத் தவித்தார்கள். இரண்டு வகுப்புக்கு மேல் தாண்டியவர்கள் பெரும்பாலும் நன்றாகவே பழகினார்கள்.

உண்மையான ஆபத்து ஆசிரியரின் வாயில் இருக்கிறது. "இந்தச் சின்னப் பிள்ளைக்குத் தெரிகிறது, உங்களுக்குத் தெரியவில்லையா?" என்று ஒருமுறை சொன்னால் போதும், அடுத்த நாளே பெரிய பிள்ளைகள் அவளை வெறுக்கத் தொடங்குவார்கள். அவளும் விடை தெரிந்தும் வாய் திறக்க மாட்டாள். என்னிடம் படிக்கும் அந்தச் சிறுமியை நான் புகழ்வதும் இல்லை, முன்னால் அழைத்துக் காட்டுவதும் இல்லை. பக்கத்தில் இருக்கும் அக்காவோடு சேர்ந்து கணக்குச் செய்யச் சொல்வேன். பெரியவர்கள் தாங்களாகவே அவளைத் தங்கச்சியாக்கிக் கொண்டார்கள்.

ஆகவே கட்டணம் பேசுவதற்கு முன், ஒரு நாள் பின்வாங்கில் அமர்ந்து பாடத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள். பிழையாக விடை சொல்லும் பிள்ளையிடம் அந்த ஆசிரியர் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். பிள்ளையைக் குத்திப் பேசுகிறவர் என்றால் வேறு வகுப்புத் தேடுங்கள்.