மூன்று சதவீதத்தில் ஒருத்தி

வணக்கம் சார்,

நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். மகள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. எங்களுக்கு அவ்வளவாக இஷ்டமில்லை, இருந்தும் சொராரிட்டி என்கிற மாணவிகள் சங்கம் ஒன்றில் சேர்ந்தாள். இப்போது ஆர்டர் ஆஃப் ஒமேகா என்ற ஹானர் சொசைட்டிக்கு (சிறந்த மாணவர்களைக் கௌரவிக்கும் அமைப்பு) அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். அதற்குக் கட்டணமும் உண்டு. "காசு வாங்கிக்கொண்டு தருகிற கௌரவம் என்ன கௌரவம்?" என்று என் கணவர் கேட்டதில் அவள் முகம் வாடிவிட்டது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். இது கௌரவம்தான்.

உங்கள் கணவரின் சந்தேகத்தைத் தவறு என்று சொல்ல மாட்டேன். கண்ணில் பட்ட மாணவர்களுக்கெல்லாம் வாழ்த்து அனுப்பிப் பணம் கேட்கிற அமைப்புகளும் அமெரிக்காவில் இருக்கின்றன. ஆனால் இது அந்த ரகம் இல்லை. 1959-இல் மயாமி பல்கலைக்கழகத்தில் ஃப்ரட்டர்னிட்டி என்கிற ஆண்கள் சங்கங்களில் இருப்பவர்களுக்காகத் தொடங்கியது, பெண்களுக்கு 1977-இல்தான் கதவைத் திறந்தது. ஒரு வளாகத்தில் ஃப்ரட்டர்னிட்டியிலோ சொராரிட்டியிலோ இருப்பவர்களில் மேல் மூன்று சதவீதம் பேரைத்தான் எடுக்கிறார்கள், அதற்கும் மதிப்பெண் அங்குள்ள இந்தச் சங்கத்தினர் எல்லாருடைய சராசரியைத் தாண்டியிருக்க வேண்டும். உங்கள் மகள் படிப்பையும் விடவில்லை, பொறுப்பையும் விடவில்லை என்பதுதான் இதற்குப் பொருள்.

ஆண்கள் சேர்த்துக்கொள்ளாததால் பெண்கள் தாங்களே கட்டிக்கொண்ட இடங்கள்தான் சொராரிட்டிகள். 1870-இல் இண்டியானாவில் ஒரு கல்லூரியின் நான்கு மாணவிகள் கப்பா ஆல்ஃபா தீட்டா என்ற சங்கத்தைத் தொடங்கியபோது, அந்தக் கல்லூரி பெண்களைச் சேர்க்க ஆரம்பித்தே மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. ஹானர் சொசைட்டி கதையும் அப்படித்தான். தலைமைப் பண்புக்காக 1914-இல் ஏற்பட்ட ஒமிக்ரான் டெல்டா கப்பா 1974 வரை பெண்களைச் சேர்க்கவில்லை; அதற்கெல்லாம் காத்திராமல் 1918-லேயே இறுதியாண்டு மாணவிகளுக்காக மார்ட்டர் போர்ட் என்ற ஹானர் சொசைட்டி வந்துவிட்டது. ஹோவார்ட் பல்கலைக்கழகத்தின் 22 கறுப்பின மாணவிகளை நினைத்துப் பாருங்கள். 1913 ஜனவரியில் டெல்டா சிக்மா தீட்டா என்ற சொராரிட்டியை ஆரம்பித்தார்கள், மார்ச் 3-ஆம் தேதியே வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் போய் நின்றார்கள்!

சொராரிட்டிகள் எல்லாம் புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. 2013 வரைக்கும்கூட அலபாமா பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பெண்களை நிறத்துக்காக ஒதுக்கியது வெளியே வந்து பெரிய பிரச்சினையானது. அதையும் உள்ளே இருந்த சில பெண்களே வாய் திறந்து சொன்னார்கள். என்னைக் கேட்டால் அதுதான் தலைமை.

என் அண்ணன் மகள் ஒரு சொராரிட்டியில் பொருளாளராக இருந்தாள். எப்போது கூப்பிட்டாலும் "மீட்டிங் சித்தப்பா" என்பாள், பார்ட்டிக்குப் போகிறாள் என்றே வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு விடுமுறைக்கு வந்தபோதுதான் தெரிந்தது, நூறு பெண்களுக்கு மேல் சந்தா வசூலித்து, சங்க வீட்டின் வாடகை, சமையல்காரர் சம்பளம், நன்கொடை நிகழ்ச்சிச் செலவு எல்லாவற்றுக்கும் அவள்தான் கணக்கு வைத்திருந்தாள். கட்ட முடியாமல் தவித்த ஒரு பெண்ணுக்காக மூன்று வாரம் வாதாடித் தவணை முறையைக் கொண்டுவந்திருந்தாள், அதுவும் அந்தப் பெண்ணின் பெயர் யாருக்கும் தெரியாமல். நாங்கள் யாருமே கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அதனால் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அவள் அங்கே என்ன பொறுப்பில் இருக்கிறாள் என்று கேளுங்கள். நிதானமாக, அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது. அப்புறம், உறுப்பினராகச் சேர்க்கும் விழாவுக்குப் பெற்றோரைக் கூப்பிடும் வழக்கம் அவர்கள் கல்லூரியில் இருந்தால் இரண்டு பேரும் போய்விட்டு வாருங்கள். அவளுக்கு என் வாழ்த்தையும் சொல்லுங்கள்.