ஒளி வளையுமா? சென்னையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

ஒளியலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலுப்பதும் அழிவதும் குறுக்கீட்டு விளைவு, தடையின் விளிம்பில் ஒளி வளைந்து விரிவது விளிம்பு விளைவு. இவை இரண்டைப் பற்றியும் கேளுங்கள் என்றதும் பெரம்பூர் முதல் வேளச்சேரி வரை பலர் கேட்டுவிட்டார்கள். கல்லூரி ஆய்வகத்தில் இந்தப் பாடத்தோடே வெகுகாலம் இருந்தவள் நான். எனக்கு இதைவிடப் பிடித்த பாடம் இல்லை. பதில்கள் சில நீளம், சில சிறியவை.

பெரம்பூர், பிளஸ் டூ மாணவர்: மிஸ், யங் சோதனையில் ஒரே விளக்கின் ஒளியை எதற்கு இரண்டு பிளவுகளில் விட வேண்டும்? இரண்டு டார்ச் அடித்தால் திரையில் வெளிச்சமும் இருட்டுமான பட்டைகள் வராதா?

வராது தம்பி. அலையின் மேடான முகடும் முகடும் சேர்ந்தால் வெளிச்சம், முகடும் பள்ளமான அகடும் சேர்ந்தால் இருட்டு என்று படித்திருப்பாய். அந்தச் சேர்க்கை ஓரிடத்தில் மாறாமல் நிலைத்தால்தான் கண்ணுக்குப் பட்டை தெரியும். டார்ச்சில் ஒளி துண்டு துண்டாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் பிறக்கிறது. ஒரு நொடிக்குள் அதன் கட்டம், அதாவது அலை முகட்டில் இருக்கிறதா அகட்டில் இருக்கிறதா என்ற நிலை, கோடி தடவைக்கும் மேல் மாறிவிடும். பட்டைகளும் அதே வேகத்தில் இடம் மாறுவதால் கண்ணுக்குச் சராசரி வெளிச்சம்தான் மிஞ்சும்.

தாமஸ் யங் 1803-ல் ராயல் சொசைட்டியில் விவரித்த சோதனையில் இரண்டு பிளவுகளே இல்லை. ஜன்னல் மறைப்பில் ஒரு சிறு துளை போட்டு, அதன் வழியே வந்த சூரிய ஒளியின் குறுக்கே ஓர் அட்டைத் துண்டை நிறுத்தினார். அதன் அகலம் அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அட்டையின் இருபுறமும் போன ஒளி ஒரே துளையிலிருந்து வந்தது. கட்டம் மாறினாலும் இரண்டிலும் சேர்ந்தே மாறும். பாடநூல் ‘ஓரியல் மூலங்கள்’ என்பது இதைத்தான். பிறகு அவர் ஒரு பக்கத்து ஒளியை மட்டும் மறைத்துப் பார்த்தார். அட்டையின் நிழலுக்குள் தெரிந்த பட்டைகள் காணாமல் போயின. என்னைக் கேட்டால், அந்தச் சோதனையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

அதே மாணவர்: இருண்ட பட்டையில் விழுந்த ஒளியின் ஆற்றல் எங்கே போகிறது?

எங்கும் அழிவதில்லை, பக்கத்து வெளிச்சப் பட்டைக்குப் போகிறது. சமமான இரண்டு அலைகள் முழுதாகக் கைகோக்கும் இடத்தில் ஒளிச்செறிவு ஓர் அலையுடையதன் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. இருட்டில் சுழி. இரண்டுக்கும் சராசரி எடுத்தால் இரண்டு மடங்கு. கணக்கு சரியாகிவிட்டதா?

ராயபுரம்: அடுத்த அறையில் பேசுவது கேட்கிறது, பேசுகிற ஆள் தெரிவதில்லை. ஒலியும் அலை, ஒளியும் அலை என்கிறீர்களே?

உங்கள் பக்கத்திலேயே விடை இருக்கிறது. துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் முடிகிற முனையைக் கவனியுங்கள். வெளியிலிருந்து வரும் கடலலை நேராகப் போய்விடாமல், முனையைச் சுற்றிச் சுவருக்குப் பின்னால் இருக்கும் அமைதியான நீருக்குள்ளும் விரியும். விளிம்பு விளைவு என்பது அதுதான். எவ்வளவு விரியும் என்பதை, வழியில் இருக்கும் பொருள் அல்லது இடைவெளி அலைநீளத்தோடு (அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு இடையிலான தூரத்தோடு) ஒப்பிட எவ்வளவு பெரியது என்பதே முடிவு செய்கிறது.

200 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 1.7 மீட்டர். அறைக் கதவு அதைவிடக் குறுகல், அதனால் ஒலி நன்றாகப் பரவி வந்துவிடும். பச்சை ஒளியின் அலைநீளமோ 550 நானோமீட்டர் அளவுதான். கதவு அதைப்போலப் பதினைந்து லட்சம் மடங்குக்கும் மேல் அகலம். அங்கேயும் ஒளி வளையத்தான் செய்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. கதவுக்குப் பதிலாக ஒரு முடியிழை அகலத்துக்கு வழி விட்டால் கதை மாறிவிடும்.

சைதாப்பேட்டை: ஆய்வகம் இல்லாமல் வீட்டில் செய்து பார்க்க முடியுமா மேடம்?

தாராளமாக. இதை எல்லோரும் ஒரு தடவையாவது செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண சிவப்பு லேசர் பாயின்டர் போதும். அலைநீளம் பெரும்பாலும் அதன் மேலேயே அச்சிட்டிருக்கும், வழக்கமாக 650 நானோமீட்டர். 5 மில்லிவாட்டுக்கு மேல் வாங்காதீர்கள். ஒளிக்கற்றை யார் கண்ணிலும் படக்கூடாது, கண்ணாடியில் பட்டுத் திரும்பியும் வரக்கூடாது.

ஓர் அட்டையில் ஓட்டை போட்டு, அதன் நடுவே ஒரு தலைமுடியைச் செங்குத்தாக இழுத்து ஒட்டுங்கள். இருட்டு அறையில் சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி லேசரை அசையாமல் வைத்து, ஒளி முடிமேல் படும்படி அட்டையை நிறுத்துங்கள். முடியின் நிழல் கோடாக விழும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சுவரில் தெரிவதோ கிடைமட்டமாக நீண்ட சிவப்புக் கீற்று, இடையிடையே இருட்டு.

நடுவில் இருக்கும் பெரிய வெளிச்சத்தை விட்டுவிடுங்கள். ஒரு பக்கத்தில் அடுத்தடுத்து வரும் இருட்டுகளின் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். நாலைந்தைச் சேர்த்து அளந்து வகுத்தால் பிழை குறையும். அப்புறம், அலைநீளத்தைச் சுவர் தூரத்தால் பெருக்கி, அந்த இடைவெளியால் வகுத்தால் முடியின் தடிமன் கிடைத்துவிடும். இடைவெளி 2.8 செ.மீ. என்றால் முடி சுமார் 0.07 மி.மீ. தலைமுடி பெரும்பாலும் 0.05 முதல் 0.1 மி.மீ.க்குள் இருக்கும், உங்கள் விடையும் அதை ஒட்டியே வரும்.

வீட்டில் எல்லோருடைய முடியையும் வைத்துப் பாருங்கள். மெல்லிய முடிக்குப் பட்டைகள் அகலமாக விரியும். பாடநூல் பிளவுக்குச் சொல்லும் கணக்கு முடிக்கு எப்படிப் பொருந்தும் என்று சிலர் கேட்பீர்கள். ஒரே அகலமுள்ள பிளவும் தடையும், நடுப்பகுதியைத் தவிர, ஒரே பட்டைகளைத்தான் தரும். பாபினே கோட்பாடு என்று இதற்குப் பெயர்.

மயிலாப்பூர்: என்னிடம் மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் திருப்பினால் நீலம், இன்னொரு பக்கம் பச்சை. இதுவும் குறுக்கீட்டு விளைவா?

புடவையில் இல்லை அம்மா. அங்கே பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். சாய்க்கும்போது எந்த நூல் அதிகம் தெரிகிறதோ அந்த நிறம் மேலோங்கும். சாயத்தோடு சேர்ந்த நெசவாளர் வித்தை அது.

மயிலின் கழுத்தில் நடப்பது வேறு. அங்கே நீலச் சாயம் என்று ஒன்றுமே இல்லை. ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய இடைவெளிகளில் மெலனின் என்ற கருநிறமிக் குச்சிகள் அடுக்கடுக்காக நிற்கின்றன, அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி தமக்குள் குறுக்கிட்டு நீலத்தை வலுப்படுத்துகிறது. இறகை நசுக்கி அந்த அடுக்கைக் கலைத்துவிட்டால் நீலமும் போய்விடும்.

வேளச்சேரி: மழை விட்டதும் சாலையில் எண்ணெய் படிந்த இடத்தில் நிறங்கள் வருவது?

அது குறுக்கீட்டு விளைவுதான். எண்ணெய்ப் படலத்தின் மேற்பரப்பில் ஓர் அலையும் அடிப்பரப்பில் ஓர் அலையும் திரும்புகின்றன. படலத்தின் தடிமனைப் பொறுத்து ஒரு நிறம் வலுக்கும், இன்னொன்று அழியும். சோப்புக் குமிழியிலும் இதே கதை. உடையும் முன் அதன் உச்சி கறுப்பாகத் தெரியும். அங்கே படலம் மிக மெலிந்துவிட்டதால் பாதை வேறுபாடு ஏறக்குறைய இல்லை. ஆனால் மேற்பரப்பில் திரும்பும் அலை மட்டும் தலைகீழாகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன.

வேளச்சேரி, இன்னொருவர்: குடைத் துணி வழியாகத் தூரத்துத் தெருவிளக்கைப் பார்த்தால் கூட்டல் குறி மாதிரி புள்ளிகள் தெரிகின்றன. கண்ணில் கோளாறா?

கண் நன்றாகவே இருக்கிறது. நெருக்கமாக நெய்த நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக நின்று ஒளியைப் பல திசைகளில் பிரிக்கின்றன. புள்ளிகளின் ஓரத்தை உற்றுப் பாருங்கள், சிவப்பு வெளியே, நீலம் உள்ளே. அலைநீளம் கூடினால் விலகலும் கூடும்.

இதே கேள்வியை அமெரிக்காவில் பிரான்சிஸ் ஹாப்கின்சன் பட்டுக் கைக்குட்டை வழியாகத் தெருவிளக்கைப் பார்த்துவிட்டு டேவிட் ரிட்டன்ஹவுஸிடம் கேட்டார். ரிட்டன்ஹவுஸ் 1785-ல் முடியிழைகளை நெருக்கமாக, இணையாகக் கட்டி ஆராய்ந்தார். நெருக்கமான இணைகோடுகளால் ஒளியைப் பிரிக்கும் கீற்றணிகளில், உலகின் முதலாவதுகளில் ஒன்று அப்படிப் பிறந்தது.

திருவல்லிக்கேணி: இந்தத் துறைக்கும் நம் ஊருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் நீங்கள் நடந்துபோகும் தூரத்தில். மெரினாவுக்கு எதிரே இருக்கும் மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோதுதான் சி.வி. ராமன் தன் முதல் ஆய்வுக் கட்டுரையை எழுதினார். 1906-ல் லண்டனின் ‘ஃபிலசாஃபிக்கல் மேகசின்’ இதழில் வெளிவந்தது. செவ்வகத் திறப்பில் ஒளி மிகச் சாய்வாக விழும்போது பட்டைகள் இருபுறமும் சமமாக இல்லாமல் போவதைப் பற்றியது. அப்போது அவருக்கு வயது 18. ராமன் என்றதும் எல்லோரும் அவர் ராமன் விளைவைக் கண்டுபிடித்த 1928-க்குப் போய்விடுகிறார்கள். தொடக்கம் விளிம்பு விளைவில், இதே கடற்கரையில் என்பதை நம் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அடுத்தது கிண்டி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, 1950-களில் கொலாஜன் என்ற புரதம் முறுக்கிய மூன்று இழைகளால் ஆனது என்று கண்டுபிடித்தார். நம் தோலிலும் தசைநாணிலும் இருப்பது அந்தப் புரதம்தான். அவருக்குக் கைகொடுத்தது எக்ஸ் கதிர்களின் விளிம்பு விளைவு. ராயபுரம் நண்பருக்குச் சொன்ன அதே விதிதான்: அணுக்களின் இடைவெளிக்குக் கண்ணால் காணும் ஒளி ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது, எக்ஸ் கதிரின் அலைநீளம் அளவாகப் பொருந்துகிறது.

அம்பத்தூர், பிளஸ் டூ: யங் கருவியை நீரில் மூழ்கடித்தால் பட்டை அகலம் என்ன ஆகும்?

முக்கால் பங்காகக் குறையும். நீரில் அலைநீளம் 1.33-ஆல் வகுபடுகிறது, தேர்வுக்கு இது போதும்.

தாம்பரம்: லேசரும் வேண்டாம், ஏழாவது படிக்கும் மகளுக்கு உடனே காட்ட ஏதாவது?

இரண்டு பென்சில்களை ஒட்டினாற்போல் பிடித்து, நடுவில் மயிரிழை இடைவெளி மட்டும் விடச் சொல்லுங்கள். ஒரு கண்ணுக்கு மிக அருகில் வைத்து, அறையின் அடுத்த கோடியில் எரியும் டியூப் லைட்டைப் பார்க்கட்டும். பென்சில்கள் டியூபுக்கு இணையாக இருக்க வேண்டும். இடைவெளிக்குள் மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். பென்சில்களை இன்னும் நெருக்கினால் ஒளி குறுகாமல் அகலமாக விரியும். முதலில் அவளையே ஊகிக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் நெருக்கச் சொல்லுங்கள்.