தூசு அளக்கும் சைக்ளோன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கிரானைட் பட்டறையில் நுண்தூசு அளக்க அலுமினிய சைக்ளோன் (காற்றைச் சுழற்றிப் பெருந்தூசைப் பிரித்துவிடும் சிறு கருவி) வைத்திருக்கிறோம். தூசு கூடுதலாகச் சேரட்டும் என்று பம்பின் காற்றோட்டத்தை நிமிடத்துக்கு 2.5 லிட்டரிலிருந்து 3 லிட்டராக்கினோம். சரிதானா?
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: தவறு. உடனே பழைய அளவுக்கே திரும்புங்கள். எந்தத் துகள் ஃபில்டருக்குப் போகும், எது அடிக்கிண்ணத்தில் விழும் என்பதை சைக்ளோனுக்குள் காற்று சுழலும் வேகம்தான் முடிவு செய்கிறது. 4 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு) துகள்களில் பாதி ஃபில்டரை எட்ட வேண்டும் என்பது சர்வதேச வரையறை. ஓட்டம் கூடினால் நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய துகள்களும் கிண்ணத்தில் விழுந்துவிடும். அறிக்கையில் தூசு குறைவாகத் தெரியும். கல் அறுப்பவரின் உயிரோடு விளையாடும் பிழை இது. பிறகு கணக்குப் போட்டுத் திருத்தவும் முடியாது. ஓட்டம் குறைந்தாலோ பெருந்தூசும் ஃபில்டரில் ஏறி, அளவைக் கூட்டிக் காட்டும்.

வகைக்கு வகை ஓட்டம் வேறு: 10 மி.மீ. நைலான் சைக்ளோனுக்கு 1.7 லிட்டர், ஹிக்கின்ஸ்-டிவெல் வகைக்கு 2.2, உங்களுடையதற்கு 2.5. சைக்ளோனையும் ஃபில்டரையும் மாட்டிய நிலையிலேயே ஓட்டத்தைச் சரிபாருங்கள். வேலை முடிந்ததும் மறுபடி பாருங்கள். 5 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் அந்த மாதிரியைத் தள்ளிவிடுங்கள். தூசு போதவில்லை என்றால் நேரத்தைக் கூட்டுங்கள், ஓட்டத்தை அல்ல.

கேள்வி: ஒரு ஃபில்டரில் மட்டும் எடை நம்ப முடியாத அளவு ஏறியிருந்தது. ஏன்?

பதில்: பெரும்பாலும் சைக்ளோன் தலைகீழாகக் கவிழ்ந்திருக்கும். கிண்ணத்துப் பெருந்தூசு ஃபில்டரில் கொட்டிவிட்டால் அந்த மாதிரி வீண். காலரில், மூக்கிலிருந்து 30 செ.மீ.க்குள், நிமிர்த்தி மாட்டுங்கள். பம்பை நிறுத்தியபின் நிமிர்ந்த நிலையிலேயே கேசட்டை (ஃபில்டர் இருக்கும் சிறு பெட்டி) கழற்றி இருபுறமும் அடைப்பானிடுங்கள். கிண்ணத்தைக் கொட்டுவது அதற்குப் பிறகுதான். கேசட்டைச் சைக்ளோனோடு சேர்த்துப் பையில் போட்டு அனுப்பவே வேண்டாம். ஈரப்பதமும் நிலைமின்சாரமும் எடையை ஏய்க்கும். எடை போடும் அறையில் ஃபில்டரைக் குறைந்தது 2 மணி நேரம் வைத்திருங்கள். காற்று இழுக்காத வெற்று ஃபில்டர்களையும் கூடவே எடை பாருங்கள்.

கேள்வி: எவ்வளவு தூசு வரை அனுமதி?

பதில்: 2025 வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன் இரண்டாம் அட்டவணைப்படி, நுண்தூசில் உள்ள குவார்ட்ஸ் (பாறையில் உள்ள படிக சிலிக்கா) சதவீதத்தோடு 2-ஐக் கூட்டி, அதனால் 10-ஐ வகுத்தால் கிடைப்பதே வரம்பாக இருந்தது. 30 சதவீதம் என்றால் கன மீட்டருக்கு 0.31 மி.கி. இந்தச் சதவீதம் ஃபில்டரில் சேர்ந்த தூசினுடையது. பாறையினுடையதை வைத்துக் கணக்கிடாதீர்கள். ஆனால் 0.31-இல் குவார்ட்ஸ் மட்டும் 0.09 மி.கி. இருக்கும். குவார்ட்ஸுக்கு அமெரிக்கா 2016-இல் விதித்த வரம்பு 0.05. பட்டறையில் நீர் தெளிப்பையும் உறிஞ்சு குழாயையும் திட்டமிடும்போது இந்த 0.05-ஐயே இலக்காக வையுங்கள்.