பிளாட்பாரத்துக்கு எந்தக் கோரிக்கை எண்?

கேள்வி: ஒவ்வொரு பட்ஜெட்டிலும் வீட்டுவசதிக்கு ஆயிரக்கணக்கான கோடி என்று வாசிக்கிறார்கள். சென்னையில் வால்டாக்ஸ் ரோட்டிலும் என்.எஸ்.சி. போஸ் ரோட்டிலும் தாத்தா காலத்திலிருந்து பிளாட்பாரத்தில் குடித்தனம் நடத்துகிறவர்கள் அப்படியேதான் இருக்கிறார்கள். அந்தப் பணத்தை எல்லாம் யார் சாப்பிடுகிறார்கள்?
ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: யாராவது சாப்பிட்டிருந்தால் வழக்குப் போட்டாவது கேட்கலாம். பிளாட்பாரத்துக்காரர் விஷயம் அதைவிட மோசம். நீங்கள் டி.வி.யில் கேட்கிற அந்தக் கோடிகள் அவரை மனதில் வைத்து ஒதுக்கப்பட்டவையே அல்ல.

2024 பிப்ரவரியில் பேரவையில் மேசை தட்டி வரவேற்கப்பட்ட 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2030-க்குள் 8 லட்சம் வீடு, முதல் ஆண்டில் 1 லட்சம், வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். பெருக்கினால் 3,500 கோடி. அடுத்த ஆண்டும் அதே கணக்கு. நல்ல திட்டம்தான், 360 சதுர அடியில், பெரும்பகுதிக்குக் கான்கிரீட் கூரை போட்ட வீடு கிராமத்துக் குடிசைக்காரருக்குச் சின்ன விஷயமல்ல. ஆனால் அது ஊரக வளர்ச்சித் துறையின் பணம், கோரிக்கை எண் 42. (ஒவ்வொரு துறையும் பேரவையில் கேட்கிற பணத்தை ஒரு 'கோரிக்கை'யாக எண் போட்டு வைப்பார்கள்.) கிராமத்தில் இருக்க வேண்டும், குடிசை இருக்க வேண்டும், மனைக்குப் பட்டா இருக்க வேண்டும். பூக்கடையில் மாலை கட்டிவிட்டு அங்கேயே தார்ப்பாய் விரித்துப் படுக்கிற அம்மாவுக்கு இந்த மூன்றில் எது இருக்கிறது?

சரி, அவர் நகரத்து ஆள்தானே, வாரியம் இருக்கிறதே என்பீர்கள். 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அதே வாரியம். அது வீட்டுவசதித் துறை, கோரிக்கை எண் 26. அதன் அடித்தளம் 1971-ஆம் ஆண்டுச் சட்டம். ஓர் இடத்தைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்தால்தான் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கும். சென்னையில் 1971-ல் 1,202 இடங்களை அறிவித்தார்கள், 1985-ல் இன்னும் 17. அதோடு சரி. நகரம் மூன்று மடங்கு வீங்கியும் பட்டியல் வளரவில்லை. கூவம், அடையாறு கரையில் இருந்தவர்களைப் போலப் பயோமெட்ரிக் கணக்கெடுப்பில் பெயர் ஏறி வீடு வாங்கிய பிளாட்பாரக் குடும்பங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த வீடு எங்கே? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம், எல்லாம் நகரின் தெற்கு விளிம்பில். கொத்தவால் சாவடியில் காலை நான்கு மணிக்கு மூட்டை தூக்குகிறவர் பெரும்பாக்கத்திலிருந்து எந்த பஸ்ஸைப் பிடித்து வருவார்? சாவியை வாங்கிப் பூட்டிவிட்டு மறுபடி இங்கேயே வந்து படுக்கிறார். உடனே, "வீடு கொடுத்தாலும் இவங்க திருந்த மாட்டாங்க" என்று ஒரு பேச்சு.

இதிலும் கணக்கு ஒன்று உண்டு. அடுக்குமாடி வீடு ஒன்றுக்குப் பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில் மத்திய அரசு தருவது 1.50 லட்சம். சென்னையில் ஒரு வீடு கட்டி முடிக்கப் பத்து லட்சத்துக்கு மேல் ஆகிறது. மிச்சம் மாநில அரசும், 'பயனாளி பங்களிப்பு' என்ற பெயரில் அந்தக் குடும்பமும். தினக்கூலிக்காரர் அந்தப் பங்களிப்பை வட்டிக்கு வாங்கித்தான் கட்ட வேண்டும். கட்டிய வீட்டைப் பராமரிக்கவும் பணம் வேண்டும், அதற்கு ரிப்பன் வெட்டும் விழா கிடையாது. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் இருந்த வாரியக் கட்டடம் இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்பே வெளியே ஓடிவந்ததால் உயிர் பிழைத்தார்கள்.

கடைசியாகத்தான் வீடற்றோர் வருகிறார்கள். நகராட்சி நிர்வாகத் துறை, கோரிக்கை எண் 34. அங்கிருந்து மாநகராட்சி, மாநகராட்சியிலிருந்து காப்பகம் நடத்தும் தொண்டு நிறுவனம். இதுவும் தானாக முளைத்ததல்ல. 2010-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்று விதியானது. எல்லை விரிவாக்கப்பட்ட சென்னைக்கு 2011 மக்கள்தொகையை வைத்துப் பார்த்தாலே அறுபத்தைந்துக்கு மேல் வேண்டும். காப்பகத்தில் ஓர் ஆளுக்கு 50 சதுர அடி. ஒரு பாயும் டிரங்குப் பெட்டியும் வைத்தால் தீர்ந்தது. பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. அப்பா ஓரிடம், அம்மா ஓரிடம், வளர்ந்த பையன் இன்னோரிடம் என்று பிரிந்து தூங்க எந்தக் குடும்பம் சம்மதிக்கும்? நீங்கள் பார்க்கிற பிளாட்பாரத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் குடும்பங்கள். அவர்களுக்கு வேண்டியது தங்கள் வேலைக்குப் பக்கத்தில் ஒரு பூட்டுப் போடும் அறை, அதற்கு வாடகை உதவி. கோயம்பேடோ பெரம்பூரோ, ஒண்டுக் குடித்தனத்துக்கே வீட்டுக்காரர் கேட்கிற அட்வான்ஸை அவர்களால் திரட்ட முடிவதில்லை. கட்டடம் கட்டத்தான் நம் பட்ஜெட்டுக்குத் தெரியும். ஏழை குடியிருக்கும் வாடகையில் ஒரு பங்கைக் கொடுக்க அதற்கு இன்னும் மனசு வரவில்லை.

அப்புறம், பட்ஜெட் உரையை நம்பிக் கோபப்படுவதை விடுங்கள். நிதித்துறை இணையத்தில் கோரிக்கைவாரியாகப் புத்தகம் போடுகிறார்கள். அதில் ஒவ்வொரு செலவுக்கும் நான்கு பத்தி இருக்கும்: முந்தைய ஆண்டு உண்மையில் செலவானது, நடப்பாண்டில் போட்ட மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டு மதிப்பீடு. செய்தியாளர்கள் கடைசிப் பத்தியைத் தலைப்பாக்குவார்கள். நீங்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். போட்ட தொகை திருத்தத்தில் சுருங்கியிருந்தால், அந்த ஆண்டு மேசை தட்டியதெல்லாம் வெறும் சத்தம்.

யாரைக் கேட்பது என்றால், உங்கள் எம்.எல்.ஏ.விடம் எழுத்திலேயே கேளுங்கள்: வால்டாக்ஸ் ரோடு குடும்பங்களுக்கு எந்தக் கோரிக்கை எண்ணில், எந்தக் கணக்குத் தலைப்பில், எவ்வளவு? அவர் 34 என்றால் மாநகராட்சிக்கு அனுப்புவார்கள், மாநகராட்சி வாரியத்தைக் காட்டும், வாரியம் பட்டியலைக் காட்டும். மூன்று பதிலையும் பத்திரமாக வைத்து எங்களுக்கு அனுப்புங்கள். இதே பக்கத்தில் போடுகிறோம்.